தமிழ்ப் பல்கலைக்கழகம்: நோக்கங்களும் நிறைவேற்றமும்

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசால் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு சனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த சூடு ஆறுமுன்னரே எம்.ஜி.ஆர். அரசு இதை அமைத்துவிட்டது. நகரின் மேற்கே ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் நிலம் ஒதுக்கினார்கள். வானிலிருந்து பார்த்தால் ‘தமிழ்நாடு’ என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி கட்டடங்களுக்கு வரைபடம் போட்டார்கள். அந்தக் காலத்து ஆர்வத்தை அளக்க இது ஒன்றே போதும்.

மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டியது இதன் அடிப்படை நோக்கம். பட்டம் கொடுப்பதற்கென்று இது பிறக்கவில்லை. இதன்கீழ் இணைப்புக் கல்லூரிகள் கிடையா. தமிழ்மொழி, தமிழர் கலை, வரலாறு, மருத்துவம், கட்டடக்கலை அனைத்திலும் உயராய்வு நடத்துவது, அதன் பயனை நூலாக்கித் தமிழிலேயே தருவது, அறிவியலைத் தமிழில் எழுதுவது ஆகியவையே நீண்டகால இலக்குகள்.

முதல் துணைவேந்தர் வ. ஐ. சுப்பிரமணியம் நாகர்கோவில் வடசேரியைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் புறநானூற்றின் மொழியமைப்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று, திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையை வளர்த்துவிட்டுத் தஞ்சைக்கு வந்தார். 1986 வரை அவர் பொறுப்பில் இருந்த ஐந்தாண்டுகளே இந்நிறுவனத்தின் பொற்காலம். கண்டிப்புக்குப் பேர்போனவர், எடுத்த ஆய்வைக் குறித்த காலத்தில் முடித்தாக வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி.

ஆய்வுப் பரப்பைக் கலைப்புலம், சுவடிப்புலம், வளர்தமிழ்ப்புலம், மொழிப்புலம், அறிவியற்புலம் என ஐந்து புலங்களாகப் பகுத்தார்கள். சிற்பம், இசை, நாடகம் கலைப்புலத்தில் அடங்கும். ஓலைச்சுவடியும் கல்வெட்டும் கடல்சார் தொல்லியலும் சுவடிப்புலத்தைச் சேர்ந்தவை. மொழிபெயர்ப்பு, அகராதியியல், அறிவியல் தமிழ் ஆகியவை வளர்தமிழில் வரும். இலக்கியம், மொழியியல், நாட்டுப்புறவியல் மொழிப்புலத்தில். சித்த மருத்துவம், தொல்லறிவியல், கட்டடக்கலை ஆகியவற்றை அறிவியற்புலத்தில் வைத்தது துணிச்சலான பகுப்பு. தமிழ்த்துறை என்றால் இலக்கண இலக்கியம் மட்டுமே என்றிருந்த வழக்கத்தை இந்தப் பட்டியல் உடைத்தது.

இலக்குகளில் கண்ணுக்குத் தெரிய நிறைவேறியது களஞ்சியப் பணி. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்திருந்தது. அடுத்த அடியை எடுத்து வைத்தது தஞ்சை. அதுவும் ஒன்றுக்கு இரண்டாக: மானிடவியல், கலை, வரலாறு ஆகியவற்றுக்கு ‘வாழ்வியற் களஞ்சியம்’ 15 தொகுதிகள், இயற்பியல் முதல் மருத்துவம் வரை ‘அறிவியற் களஞ்சியம்’ 19 தொகுதிகள். துணைவேந்தர்கள் மாறினார்கள், ஆட்சிகள் மாறின, ஆண்டுகள் நீண்டன. ஆனாலும் தொகுதிகள் வந்து சேர்ந்தன. இன்று இவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவரும் படிக்கலாம். எழுதப்பட்ட காலத்துக்குப் பிந்திய அறிவியல் அவற்றில் இல்லை என்பது குறை.

அகழாய்விலும் தொடக்கம் வலுவாகவே இருந்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் எ. சுப்பராயலு தலைமையில் 1985இல் அகழாய்வு தொடங்கியது. பச்சைக்கல்லும் சூதுபவளமும் பட்டை தீட்டிய தொழிற்கூடங்கள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இவ்வூரே. கீழடி பற்றிப் பேசும் பலருக்கு அதற்கு முப்பதாண்டு முன்பே இப்படியொரு பணி நடந்தது தெரியாது.

அறிவியல் தமிழில் கதை வேறு. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் இங்கே தமிழில் பாடநூல்கள் எழுதப்பட்டன. அவற்றை எடுத்துப் படிக்க வகுப்பறை வேண்டுமே! அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியதே 2010இல்தான். மருத்துவக் கல்லூரிகள் ஆங்கிலத்தை விடவில்லை. இதற்குப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்வது பொருந்தாது. முடிவெடுக்க வேண்டிய இடம் கோட்டை.

நிதிக்கும் கோட்டையையே பார்க்க வேண்டியிருந்தது. மாநில அரசின் நல்கையே முதன்மை வருவாய் ஆனதால், பணம் தாராளமாக வந்த காலத்தில் திட்டங்கள் பெருகின, இறுகியபோது பணியிடங்கள் காலியாகவே கிடந்தன. காலப்போக்கில் முதுகலை வகுப்புகளும் தொலைநிலைக் கல்வியும் சேர்ந்துகொண்டன. வருவாய்க்கு அவை உதவின, ஆய்வின் வேகத்தைக் குறைத்தன.

அண்மைக்காலம் பணி நியமன வழக்குகளில் கழிகிறது. 2017-18இல் நடந்த ஆசிரியர் நியமனங்கள் குறித்த புகாரின் தொடர்ச்சியாக, 2024 நவம்பரில் வேந்தரான ஆளுநர் துணைவேந்தரைப் பணியிடைநீக்கம் செய்தார்.