பதிவேட்டில் ஒரு முகவரி

இங்கிலாந்தில் ஒருவர் இறந்துவிட்டால், யாராவது ஒருவர் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். பெரும்பாலும் மகளோ கணவரோ போவார். இறந்தவரின் பெயர், வயது, தொழில், இறப்புக்கான காரணம் எல்லாம் எழுதி முடித்த பிறகு, தகவல் தந்தவர் யார், இறந்தவருக்கு என்ன உறவு, முகவரி என்ன என்றும் குறித்துக்கொள்வார்கள். அலுவலக நடைமுறைக்காகக் கேட்கிற விவரம்தான். ஆனால் கடைசிக் கால சிகிச்சை பற்றிய ஆராய்ச்சியின் ஒரு பெரிய கிளை, அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது.

மரணத்தைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ உலகம் வாய் திறந்து பேசத் தொடங்கியது 1960களில். ஜான் ஹின்டன் என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையில் இறந்துகொண்டிருந்தவர்களிடமே பேசி, அவர்கள் பட்ட அவஸ்தையை 1963-ல் பதிவு செய்தார். 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் தென் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்தை, திறந்தார். ஹின்டனைப் போல நோயாளியிடமே போய்க் கேட்க வேண்டுமானால், அவர் பிழைக்க மாட்டார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். புற்றுநோயில் அது ஓரளவு தெரியும். மாரடைப்பில் பொசுக்கென்று போனவர், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர், இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர், நினைவு தப்பிய பாட்டி, இவர்களையெல்லாம் எந்தப் பட்டியலில் தேடுவது?

ஆன் கார்ட்ரைட் மறுமுனையிலிருந்து ஆரம்பித்தார். நோயாளிகளும் டாக்டர்களும் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பெரிய அளவில் கணக்கெடுத்துப் பழகிய ஆய்வாளர் அவர். சாகப் போகிறவர்களைத் தேடுவானேன், இறந்தவர்களின் பதிவிலிருந்தே குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தால் எல்லா விதமான சாவும் அதில் வந்துவிடுமே! 1969-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறந்த 785 பேரைப் பற்றிய விவரங்களை அவருடைய குழு இப்படித்தான் திரட்டியது. பேட்டி எடுப்பவர்கள் வீடு தேடிப் போய், இறந்தவரின் கடைசி ஒரு வருடத்தைப் பற்றி நெருங்கியவர்களிடம் விசாரித்தார்கள். குளிப்பாட்டியது யார், ராத்திரி கூடவே இருந்தது யார், டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தாரா, இன்ன நோய் என்று யாரிடம் சொன்னார்கள் என்று கேள்விகள் போயின. அவரும் லிஸ்பெத் ஹாக்கியும் ஜான் ஆண்டர்சனும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1973-ல் வெளிவந்தது.

ஆக, துக்கத்தில் இருப்பவரின் ஞாபகம் பிசகாது என்ற நம்பிக்கையில் பிறந்த முறை இல்லை இது. வேறு வழி இல்லாததால் பிறந்தது. இதை மறந்துவிட்டுத்தான் பிற்காலத்தில் பலர் இந்த முறையோடு சண்டை போட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

1987-ல் இறந்த 639 பேரை வைத்து கார்ட்ரைட்டும் கிளைவ் சீலும் இதே ஆய்வைத் திரும்பச் செய்தார்கள். 1990-ல் ஜூலியா அடிங்டன்-ஹாலும் மார்க் மெக்கார்த்தியும் 20 சுகாதார மாவட்டங்களில் 3,696 மரணங்களுக்கு அதை விரித்தார்கள். இவ்வளவு வீட்டுக்கும் ஆள் அனுப்பிப் பேட்டி எடுத்தால் செலவு கட்டுப்படியாகுமா? அந்தப் பேட்டியையே தபாலில் அனுப்பக்கூடிய கேள்வித்தாளாகச் சுருக்கினார் அடிங்டன்-ஹால். 'வாய்சஸ்' என்று அதற்குப் பெயர்.

நம்மூரிலும் இதற்கு ஒரு ஒன்றுவிட்ட உறவு உண்டு. 1990களின் பிற்பகுதியில் வேந்தன் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ குழுவினர் சென்னையில் ஏறத்தாழ 48,000 மரணங்களுக்கு வீட்டாரிடம் விசாரித்தார்கள். ஆனால் அங்கே தேடியது எதனால் இறந்தார் என்பதை. வாய்சஸ் தேடுவது எப்படி இறந்தார் என்பதை.

சந்தேகங்கள் வராமல் இல்லை. இறந்தவர் பட்ட வலி மனைவிக்கு எப்படித் தெரியும்? ஹின்டனே 1996-ல் நோயாளிகள் உயிரோடு இருந்தபோது சொன்னதையும், அவர்கள் போன பிறகு உறவினர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 2003-ல் கிறிஸ்டின் மெக்பெர்சனும் அடிங்டன்-ஹாலும் அதுவரை வந்த ஒப்பீடுகளையெல்லாம் அலசினார்கள். நர்ஸ் வந்தாரா, நடக்க முடிந்ததா போன்ற கண்ணால் பார்க்கிற விஷயங்களில் நோயாளி சொல்வதும் உறவினர் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. வலி, பயம், மனச்சோர்வு என்று உள்ளே போகப் போக இடைவெளி கூடுகிறது. சங்கடம் என்னவென்றால், ஆராய்ச்சியாளர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள விரும்புவதே வலியைத்தான்.

வாய்சஸ் தாளில் வலிக்கான கேள்வியைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு வலித்தது என்று அது அளக்கச் சொல்லவில்லை. வலி தணிந்ததா என்கிறது: எப்போதும் முழுமையாக, சில நேரம் முழுமையாக, ஓரளவு, தணியவே இல்லை. தெரியாது என்று சொல்லவும் இடம் உண்டு. அதையும் வீட்டில் இருந்தபோது, ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஹாஸ்பிஸில் இருந்தபோது என்று தனித்தனியாகக் கேட்கிறது.

2011 முதல் 2015 வரை பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் இதை ஆண்டுதோறும் இங்கிலாந்து முழுவதும் நடத்தியது. ஒவ்வொரு முறையும் சுமார் 49,000 பேருக்கு, மரணத்தைப் பதிந்தவரின் முகவரிக்கே, தாள் போனது. துக்கம் சற்று ஆற வேண்டும், ஞாபகமும் மங்கிவிடக் கூடாது. அதனால் இறப்புக்குப் பிறகு 4 முதல் 11 மாதத்துக்குள் அனுப்பினார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஹாஸ்பிஸில் வலி எப்போதும் முழுமையாகத் தணிந்திருந்தது என்றவர்கள் நூற்றுக்கு அறுபதுக்கு மேல். வீட்டில் அப்படித் தணிந்தது என்றவர்கள் இருபதைக்கூடத் தொடவில்லை.

வீட்டில் இறப்பதுதான் நல்ல சாவு என்ற நினைப்பை இந்த எண் அசைத்துப் பார்க்கிறது. ஆனால் வீட்டில் ராப்பகலாகக் கூட இருந்தவர் அதே சாட்சிதான். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்த முனகல்கூட அவர் காதில் விழுந்திருக்கும். ஹாஸ்பிஸில் அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் நர்ஸ். வித்தியாசத்தில் எவ்வளவு மருத்துவத்தால் வந்தது, எவ்வளவு சாட்சி உட்கார்ந்திருந்த இடத்தால் வந்தது என்பதை அந்தத் தாளை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

2015-ன் மரணங்களோடு இங்கிலாந்தின் ஆண்டுக் கணக்கெடுப்பு நின்றது. அயர்லாந்து 2023-ல் அதே மாதிரியான ஒரு தேசியக் கணக்கெடுப்பை நடத்தியது; 4,500-க்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள்.