மாத்திரையை எண்ணியவர்கள்

வெள்ளிமலையில் ஆயாவுக்குக் காசநோய் வந்தபோது நர்சம்மா வீட்டுக்கே வந்து மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுவார். "மிச்சம் எத்தன இருக்குது ஆயா?" சின்ன வயசில் எனக்கு அது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியம்: மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. படுக்கைகளோ கொஞ்சம். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி தங்கள் நெரிசலான வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தவர்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது: வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணம். தொடர்ந்து கவனித்ததில், கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

எங்கள் துறையில் இதை ஏ/பி டெஸ்ட் என்போம். ஆனால் இங்கே ஜெயித்தது மருந்து மட்டுமில்லை, வீடு தேடி நடந்த கால்களும்தான்.

சானடோரியத்துக்கு வரச் சொல்லியிருந்தால் ஆயா போயிருக்கவே மாட்டார். ஆடுகளை யார் பார்ப்பது? நர்சம்மா மலையேறி வந்தார். ஆயா பிழைத்தார்.