வல்லத்துக் கணித மேதை



சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டியில் தீப்பெட்டிக்குப் பஞ்சம் இல்லை. ஏழு பெட்டிகளை எடுத்துச் சதுரங்களாகப் பரப்புங்கள். வரிசைக்கு எத்தனை பெட்டியோ அத்தனை வரிசை வேண்டும் என்பது விதி. நான்கு பெட்டிகள் ஒரு சதுரம், எஞ்சிய மூன்றும் தனித்தனிச் சதுரங்கள், ஆக நான்கு. எத்தனை பெட்டிகளைத் தந்தாலும் நான்கு சதுரங்களுக்கு மேல் வேண்டா என்று 1770-இல் லாக்ராஞ்சு நிறுவினார். அதே ஆண்டில் வாரிங் என்னும் ஆங்கிலேயர், மூன்றாம் படிக்கு 9, நான்காம் படிக்கு 19, மேற்படிகளுக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு என எழுதிவைத்தார், நிறுவினாரல்லர். எல்லை உண்டு என்பதை 1909-இல் ஹில்பர்ட் மெய்ப்பித்தார். பெரும்பாலான படிகளுக்கு அஃது எவ்வளவு என்பதோ புலப்படவில்லை.

அதனைக் கண்டவர் நம் பக்கத்து மனிதர். சிவகாசியில் இரயிலேறி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் கடந்து தென்காசியில் இறங்கினால், குற்றாலத்திற்கு அருகே வல்லம். அங்கே 1901-இல் பிறந்தவர் சு. சி. பிள்ளை எனப்படும் சிவசங்கரநாராயண பிள்ளை. ஓராண்டுக் குழந்தையாய் இருந்தபோதே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையும் மறைந்தார். சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து உதவியிராவிடில் படிப்பு அன்றே நின்றிருக்கும். அந்த ஆசிரியரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கற்று, சென்னையில் ஆராய்ந்து, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சேர்ந்தார் பிள்ளை. 1936-இல், ஏழாம் படி முதலான படிகளுக்கு எல்லை காணும் வழியை வகுத்தார். அமெரிக்கப் பேராசிரியர் டிக்சனும் தனியே அதே முடிவை அடைந்தார். ஆறாம் படி மட்டும் பிடிகொடுக்கவில்லை. 703 என்னும் எண்ணைப் பாருங்கள். மூன்றின் ஆறாம் படி 729, அது மிகுதி. இரண்டின் ஆறாம் படி 64. பத்து முறை எடுத்தால் 640. மீதி 63-க்கும் ஒன்றுகளே வேண்டும். மொத்தம் 73. இதற்குக் குறைந்தால் போதாது என்பதைப் பள்ளிச் சிறுவனும் காட்டுவான். எல்லா எண்களுக்கும் 73 போதும் என்று காட்டுவதுதான் மலையைப் பெயர்ப்பது. 1940-இல் பிள்ளை அதைச் செய்தார். அவருடைய பணிகளுள் இதனையே யான் தலையாயதாகக் கொள்வேன்.

பின்னர்த் திருவாங்கூரிலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார். பிரின்ஸ்டன் ஆய்வு நிலையம் அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் காத்திருந்தது. 1950 ஆகஸ்டு 31-ஆம் நாள், அவர் சென்ற விமானம் கெய்ரோவுக்கு அருகே வீழ்ந்தது. வயது 49.

எஞ்சிய ஐந்தாம் படிக்கு 37 என 1964-இல் சீனத்துச் சென் நிறுவினார். வாரிங் சொன்ன 19-ஐ 1986-இல் இரு பிரெஞ்சு அறிஞருடன் சேர்ந்து மெய்ப்பித்தவர் ஆர். பாலசுப்பிரமணியன். 1990-ஆம் ஆண்டின் பட்நாகர் பரிசு பெற்ற அவர், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராய் விளங்கினார்.