ஓடியவர்களும் ஓட்டப்பட்டவர்களும்: மலைப்பாதைகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

மலைக்காட்டுப் பாதைகளில் ஓடுவது இன்று ஒரு விளையாட்டு. குபெர்டினோ நகரின் மேற்கெல்லையில் சாந்தா குரூஸ் மலைத்தொடர் தொடங்குகிறது. அங்குள்ள றாஞ்சோ சான் அன்ரோனியோ வனப்பகுதியின் ஒற்றையடிப் பாதைகளில் சனி, ஞாயிறு காலைகளில் ஓடுகிறவர்கள் ஏராளம். கணினித் தொழிலில் வாரம் முழுவதும் அமர்ந்திருந்த உடம்புகள் அங்கே மூச்சு வாங்குகின்றன. தமிழ் உடம்புகளும் அவற்றுள் அடக்கம். விடுமுறைக்கு இலங்கை போகும் ஓட்டக்காரர்களுக்கு இப்போது அங்கேயும் ஒரு பாதை காத்திருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் 'பெக்கோ பாதை', 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. 2023இல் அது முழுமையாகத் திறந்துவைக்கப்பட்டது.

இந்த இரு மலைகளின் பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழில் 'ஓடினான்' என்றால் பந்தயம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. தப்பி ஓடினான், கடனுக்குப் பயந்து ஓடிப்போனான், ஊரைவிட்டு ஓடிவந்தான் என்று அந்தச் சொல்லுக்குப் பல வரலாறுகள் உண்டு. அகதிகளாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கண்டி இராச்சியம் 1815இல் பிரித்தானியர் கையில் விழுந்தது. மலைநாட்டின் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிடும் முயற்சிகள் 1820களில் தொடங்கின. மலையக மக்களின் வரவுக்கு 1823ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்வது வழக்கம். 1840இன் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் சேனைநிலத்தையும் முடிக்குரியதாகக் கருத வழிசெய்தது. அவ்வாறு அரசு கையகப்படுத்திய நிலம் தோட்டக்காரர்களுக்கு மலிவு விலையில் போய்ச் சேர்ந்தது. மலைக்காடு மறைந்ததையும் கண்டியக் கிராமத்தவர் தமது மேய்ச்சல் வெளியையும் சேனையையும் இழந்ததையும் மறைத்துக்கொண்டு மலையகத் தமிழரின் வரலாற்றைச் சொல்ல முடியாது. இரு சாராரையும் இழப்புக்கு உள்ளாக்கியது ஒரே முதலாளித்துவம்தான். ஒரு சாராரின் இழப்புக்கு மறுசாராரைக் குற்றவாளியாக்கியது பின்வந்த அரசியல்.

காடழிக்க ஆட்கள் தேவைப்பட்டனர். தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்திய மக்கள் தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம் போன்ற சிறு துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலையேறினார்கள். வாந்திபேதி, மலேரியா, பசி, தாகம் எல்லாம் அந்த வழியில் கூடவே நடந்தன. நோயாளிகள் வழியோரத்தில் விடப்பட்டார்கள். 1840களில் இவ்வாறு மாண்டவர் தொகை 70,000 என 'கொழும்பு ஒப்சேவர்' 1849இல் மதிப்பிட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் அது மிகை என்பர். எண்ணிக்கை பற்றிய வாதம் நடக்கட்டும். இறந்தவர்களை எண்ணிப் பதிய வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றாததால்தான் இன்று நாம் வாதாட வேண்டியிருக்கிறது.

தோட்டத்துக்குள் பாதைகள் இருவகையாக உருவாயின. மாட்டுவண்டி ஏறுவதற்காகச் சரிவைச் சுற்றிச்சுற்றி மெதுவாக உயரும் றோட்டுக்களைத் துரைமார் அளந்து வெட்டுவித்தார்கள். லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் நேரே இறங்கும் குறுக்குப் பாதைகளை எவரும் அளக்கவில்லை. அவை தினமும் நடந்த கால்களால் உண்டானவை. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலைகளை மூடியது. பயிர் மாறியபோதும் பாதைகள் மாறவில்லை.

அப்பாதைகளில் தொழில்முறையில் விரைந்தவர் தபால்காரர். தோட்டத்திலிருந்து தபாற்கந்தோருக்கு இறங்கி, துரையின் கடிதங்களோடு மறுபடி மலையேறுவது அவர் வேலை. கடலுக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இதையொத்த அஞ்சலோட்டக்காரர் இருந்தார். மணிகட்டிய கோலுடன் அவர் ஓடிவரும்போது வழியிலுள்ளோர் விலகி நிற்பார்கள். அந்த அஞ்சல் சேவை 1951இல் இந்தியத் தபாலுடன் இணையும்வரை நீடித்தது. ஓட்டம் அங்கே அரசனின் வேலை. ஆகவே அதற்கு மரியாதை இருந்தது.

அதே மலைகளில் இன்னொரு ஓட்டம் குற்றமாக இருந்தது. 1865இன் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடிய தொழிலாளி சிறைக்குப் போகலாம். அதற்குமேல் கங்காணியின் கடன் இருந்தது. ஒரு தோட்டம் தன் தொழிலாளரின் கடன் எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் 'துண்டு' இருந்தது. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் ஆட்களை எடுத்துக்கொள்ளும். மனிதர் கடனோடு சேர்ந்து கைமாறிய இம்முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. அதுவரை ஓடிப்போனவர்கள் பற்றி நீதிமன்றப் பதிவேடுகளிலும் தோட்டக்காரர் சங்கங்களின் புகார்களிலும் தொடர்ந்து படிக்கிறோம். ஓடுவதற்காக ஒருவருக்குக் கூலி கொடுத்த அதே தோட்டமுறை, ஓடியதற்காக இன்னொருவரைச் சிறைக்கு அனுப்பியது.

இந்த ஓடிப்போதலை எதிர்ப்பு என்று கொள்ளலாமா? ஜேம்ஸ் ஸ்கொற் 1985இல் வெளியிட்ட, நலிந்தோரின் ஆயுதங்கள் பற்றிய நூலுக்குப் பின்னர் இத்தகைய செயல்களை அன்றாட எதிர்ப்பாக வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அதில் உண்மை உண்டு. ஆனால் ஓடியவர் பெரும்பாலும் இன்னொரு கங்காணியிடம், இன்னொரு லயத்துக்கே போய்ச் சேர்ந்தார். ஓட்டம் எஜமானை மாற்றியது, அமைப்பை மாற்றவில்லை. ஓடியவரை வீரராக்கிவிட்டு, அவர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாராமல் விடுவது நம்மைப் போன்ற எழுதுகிறவர்களுக்கு வசதியானது.

இனி குபெர்டினோவுக்கு வருவோம். 1776இல் ஹுவான் பௌற்றிஸ்ரா டி அன்சாவின் ஸ்பானியப் பயணக் குழுவில் இருந்த பாதிரியார் பெத்ரோ பொன்ற், இங்குள்ள ஓர் ஓடைக்குக் குபெர்டினோவின் புனித யோசேப்பின் பெயரைச் சூட்டினார். அப்போது அங்கே வாழ்ந்தவர்கள் ஓலோனி மக்கள். மறுவருடம், 1777இல், சாந்தா கிளாரா மிஷன் நிறுவப்பட்டது. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர் அனுமதியின்றி வெளியேற முடியாது. ஓடியவர்களைத் தேடிப் பிடித்துவரப் படையினர் அனுப்பப்பட்டார்கள். ஓட்டம் இங்கேயும் குற்றமாக இருந்தது.

அம்மிஷனிலிருந்து வெளியேறி, ஆட்களைத் திரட்டித் தாக்குதல் நடத்தியவர் யொஸ்கொலோ. 1839இல் சாந்தா குரூஸ் மலைகளில் அவர் தோற்கடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரது தலை சாந்தா கிளாராவில் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவரை வென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் ஹுவான் பிராடோ மேசா. அதே 1839இல் றாஞ்சோ சான் அன்ரோனியோ என்ற பெருநிலம் மேசாவுக்கு மானியமாகக் கிடைத்தது. இன்று ஓட்டக்காரர்கள் காலை நேரத்தில் உச்சரிக்கும் பெயர் இந்த மானியத்தின் பெயர்தான்.

மானுடவியலாளர் அல்பிரட் குரோபர் 1925இல் வெளியிட்ட பெருநூலில் இம்மக்கள் நடைமுறையில் அழிந்துவிட்டதாக எழுதினார். அவர்கள் அழியவில்லை. தம்மை முவெக்மா ஓலோனி என அழைக்கும் வழித்தோன்றல்கள் ஐக்கிய அமெரிக்க அரசின் அங்கீகாரம் கேட்டார்கள். 2002இல் அது மறுக்கப்பட்டது. தம் மண்ணில் நின்றபடியே, தாம் இருக்கிறோம் என்று காகிதத்தில் நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில் விழுந்தது.

குபெர்டினோவின் அந்த ஓடைக்கு இன்றுள்ள பெயர் ஸ்ரீவன்ஸ். 1844இல் சியெரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து முதன்முதலில் வண்டிகளைக் கொண்டுவந்த குழுவின் தலைவரும், பின்னர் இங்கே குடியேறியவருமான எலிஷா ஸ்ரீபன்ஸின் பெயர் அது. எழுத்துப் பிழையோடு நிலைத்துவிட்டது. அக்குழுவுக்கு வழி சொன்னவர் றக்கி எனப்பட்ட பையூட் முதியவர். அந்தச் சியெரா மலைகளிலேதான் 1974இல் கோர்டி ஐன்ஸ்லி, குதிரைகளுக்கான 100 மைல் பந்தயப் பாதையைக் குதிரையின்றி ஓடி 24 மணித்தியாலத்துக்குள் முடித்தார். நெடுந்தூர மலையோட்டம் என்ற நவீன விளையாட்டு தன் தோற்றத்தை அங்கிருந்து சொல்கிறது. அப்பாதையை முன்னரே நடந்து வைத்திருந்தவர்கள் பையூட், வாஷோ மக்கள்.

சாந்தா குரூஸ் மலைகளைக் குடைந்து இரயில் பாதை போட்டவர்கள் சீனத் தொழிலாளர்கள். 1879இல் சுரங்க வெடிப்பில் அவர்களில் பலர் மாண்டனர். 1882இல் சீனர் வருகையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. வேலை முடிந்ததும் வேலையாளை அந்நியனாக்கும் சட்டம் வருவது இலங்கைக்கு மட்டும் உரிய வழக்கமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். குபெர்டினோவில் இன்று பெரும்பான்மையினர் ஆசிய வேர்கள் கொண்டவர்கள்.

இலங்கையில் அச்சட்டம் 1948இல் வந்தது. குடியுரிமை பறிபோனது, 1949இல் வாக்குரிமையும் போனது. தமிழ்க் காங்கிரஸ் 1948இல் அரசில் சேர்ந்தது. அதிலிருந்து பிரிந்தவர்கள் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். இந்தக் கணக்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாம் அவசரமாகப் புரட்டிக் கடப்பதுண்டு. 1964இன் சிறீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிகுந்த 150,000 பேர் பிற்பாடு பகிரப்பட வேண்டியவர்களாக விடப்பட்டார்கள். 'தாயகம் திரும்பியோர்' தலைமன்னாரில் கப்பலேறினார்கள். பாட்டன் நடந்துவந்த வழி, பேரனுக்குத் திரும்பும் வழியாயிற்று. 1977 வன்செயலுக்குப் பின் மலையிலிருந்து துரத்தப்பட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள்; அதுவும் முன்னோர் மாண்ட வன்னிக் காடுதான். மலைநாட்டுக்குக் கூலிகளை அனுப்பப் பயன்பட்ட மண்டபம் முகாம் 1983க்குப் பின் ஈழத்து அகதிகளை ஏற்றது. ஒரே கட்டடங்கள், எதிர்த்திசையில் வந்த மக்கள்.

2023க்கு வருவோம். பெக்கோ பாதை முழுமையான அதே ஆண்டில், ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. 200 ஆண்டுகளுக்கு முந்திய நடையை நினைவுகூர்ந்தவர்கள், காணியையும் வீட்டையும் சம உரிமையையும் கேட்டார்கள். முதற்பாதைக்கு வெளிநாட்டு உதவிநிதி இருந்தது. இரண்டாவதில் நடந்தவர்களோ தாங்களே பதாகை எழுதிச் சுமந்தார்கள்.

பெக்கோ பாதையை எதிர்ப்பது என் வாதம் அல்ல. உல்லாசப் பயணிகள் வந்தால் தோட்டத்து இளைஞர்க்கு வழிகாட்டி வேலை கிடைக்கலாம்; லயத்துப் பெண் சோறு சமைத்து விற்கலாம். தேயிலைக் கூலியை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு அது சிறு விடயமல்ல. ஆனால் பெக்கோ என்பது தேயிலையின் ஒரு தரம். பாதைக்கு இலையின் பெயர் கிடைத்திருக்கிறது. அதை மிதித்து உண்டாக்கியவர்களின் பெயர் கிடைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர்க்கு, 2003இல் குடியுரிமைச் சட்டம் வந்த பின்னரும், தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இல்லை. 1840இல் உறுதி காட்ட முடியாதவனிடமிருந்து நிலத்தைப் பறித்த அரசு, 200 ஆண்டு உழைத்தவனுக்கு உறுதி எழுதிக் கொடுக்க இன்னும் தயங்குகிறது.

புலம்பெயர்ந்தோரிடையே இதுபற்றி விவாதம் வேண்டும். ஓடிவந்த நமக்குக் குபெர்டினோவிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் குடியுரிமையும் பலருக்கு வீட்டு உறுதியும் கிடைத்துவிட்டன. லயத்தில் பிறந்தவர்களுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. மலையகத்தைப் பார்க்கப் போகும் நம்மவர், ஓடி முடித்த பாதையின் ஓரத்தில் நிற்பவரிடம் இந்தக் காணி யாருடையது என்று கேட்டு வரட்டும். அந்தப் பதில்களைத் தொகுத்து எழுதினால், பயணப் பிரசுரங்கள் சொல்லாத பாதையின் வரலாறு கிடைக்கும். காணி உறுதிக்கான கோரிக்கையில் நம் குரலைச் சேர்ப்பதற்கும் அது ஆதாரமாகும்.