வாயில்தோறும் வரும் பூதம்

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே செல்வோமாயின், நிளா என வழங்கும் பாரதப்புழையின் கரையில் பழைய வள்ளுவநாட்டு ஊர்களைக் காண்போம். அறுவடை முடிந்து, பகவதி கோயில்களில் பூரவிழா நெருங்குங்கால், பூதன், திற என்னும் இரு வேடங்கள் அங்கு வீடுதோறும் வரும். பூதனுக்கு மரத்திற் செதுக்கிய முகமூடி உண்டு. அதன் நாக்கு வெளியே நீண்டு அச்சுறுத்தும். துடி முழங்க முற்றத்தில் ஆடி, நெல்லும் துணியும் பெற்று அடுத்த வீடு செல்வான். திற பத்திரகாளியையும், பூதன் தாரிகவதத்தில் அவளுக்குத் துணைநின்ற சிவகணத்தையும் குறிப்பதாகக் கூறுவர். தலைமுறை தலைமுறையாக மண்ணான் சமூகத்தார் இவ்வேடங்களைப் புனைந்து வருகின்றனர்.

இப்பூதம் நமக்கு அயலதன்று. புகார் நகரில் நாளங்காடிப் பூதமும் சதுக்கப் பூதமும் இருந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. இவற்றுள் சதுக்கப் பூதம் பொய்த்தவ வேடத்தாரையும் பொய்ச்சான்று உரைப்போரையும் கயிற்றாற் கட்டித் தண்டிப்பது. அங்கே மக்கள் பூதத்தை நாடிச் சென்றனர். இங்கோ பூதமே மக்களை நாடி வருகின்றது. இப்பகுதிப் பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் 21 விளக்குகளை ஏற்றி, தோற்பாவைகளின் நிழலாட்டத்தோடு கம்பராமாயணம் பாடுவதும் வழக்கம். தாரிகனோடு பொருத காலத்தில் இராவணவதத்தைக் காணத் தவறிய அன்னைக்காகவே அக்கூத்து என்பர். முகமூடியும் கம்பன் தமிழும் ஒரே தேவியின் முன்னிலையில் வாழ்கின்றன.

பூதன் ஏன் எல்லா வீட்டுக்கும் வரவேண்டும்? மலையாளக் கவிஞர் இடச்சேரி கோவிந்தன் நாயர் (1906–1974) ‘பூதப்பாட்டு’ என்னும் கவிதையில் இதற்கு விடை தருகின்றார். பள்ளி செல்லும் சிறுவனைப் பூதம் கவர்ந்து செல்கின்றது. தாய் பொன்னை ஏலாது தன் கண்களையே ஈந்து மகனைக் கேட்கின்றாள். பூதம் போலிக் குழந்தையைத் தர, தொட்ட அளவிலேயே அவன் தன் மகனல்லன் என்று அறிகின்றாள். தாய்மைக்குத் தோற்ற பூதம் மகனையும் கண்ணொளியையும் திருப்பித் தருகின்றது. ஆயினும் அதற்கும் அப்பிள்ளைமேல் பாசம். ஆண்டுக்கொருமுறை வந்து காண இசைந்த தாய், தன் வீடு எதுவென்று சொல்லவில்லை. ஆகவே அது வாயில்தோறும் தேடுகின்றது.

காங்கோ நாட்டுச் சோங்கியே மக்களின் ‘கிஃப்வெபே’ முகமூடிகளும் ஊர்ச் சடங்குகளில் ஆடியவையே. அவற்றுட் பல இன்று ஐரோப்பியக் காட்சிச்சாலைகளில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. முகமூடியைக் காட்சிச்சாலை காக்கலாம். அதனை எதிர்கொள்ளும் வாயிலைக் காக்க வல்லவர் வீட்டாரே. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மில் பலருடைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பூதன் தேடும் பிள்ளைகளோ இங்கே நம்மிடம் வளர்கின்றனர். ஊர் செல்லும் ஆண்டிலேனும் அறுவடைக் காலத்தில் அவர்களை அழைத்துச் சென்று, முற்றத்தில் நிறுத்தி, துடியோசை கேட்கச் செய்வோமாக.