படகேறிய மின்சாரம்



மட்டக்களப்பு வாவியில் இரவு மீன்பிடிக்கச் சென்றோர் முற்காலத்தில் தென்னோலைச் சூளைக் கொளுத்திக்கொண்டு தோணியேறினர். அதன்பின் பெற்றோமாக்ஸ் விளக்கு வந்தது. அதற்கும் பின்னர் பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரியும் சிறு மின்விளக்கும் வந்து சேர்ந்தன. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் கலங்களிலோ விளக்கு மட்டுமன்று. கரையோடு பேசும் வானொலிக் கருவி, இருக்குமிடங் காட்டும் கருவி, இயந்திரத்தைக் கிளப்பும் தொடக்கி ஆகிய யாவும் பற்றரியையே நம்பி நிற்கின்றன. நடுக்கடலில் அது செயலிழப்பின் இயந்திரமும் கிளம்பாது. உதவி கேட்டுக் குரல் கொடுக்கவும் இயலாது.

"பற்றரி ஓராண்டு தானும் உழைக்கவில்லையே" என்று மீனவர் குறைப்படுவதுண்டு. அக்குறைக்குக் கடைக்காரரையோ காலத்தையோ நொந்து பயனில்லை. அதன் காரணம் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு திருப்பத்திலே இருக்கின்றது என்பது என் கருத்து. அதனையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

மின்சாரத்தின் வலிமையால் மனிதரைச் சுமந்து சென்ற முதல் ஊர்திகளுள் படகும் ஒன்றாகும். இத்தாலிய அறிஞர் வோல்ற்றா 1800ஆம் ஆண்டில் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தார். 1838இல் ஜக்கோபி என்னும் அறிஞர், ருசிய நாட்டின் நேவா நதியில் பத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிய படகொன்றை மின்கலங்களின் துணையால் ஓட்டிக் காட்டினார். ஆயினும் அக்கலங்களில் நாகத் தகடு கரைந்து தீர்ந்தவுடன் புதுத் தகடு இடல்வேண்டும். விறகு எரிந்து சாம்பலாவது போன்றதே அது. தீர்ந்ததை மீட்டும் நிரப்பக்கூடிய கலத்தை 1859இல் பிரான்சு நாட்டவரான பிளாந்தே கண்டுபிடித்தார். இரண்டு ஈயத் தகடுகள், அவற்றிடையே நீர் கலந்த கந்தக அமிலம். இவ்வளவே அதன் உறுப்புக்கள். 1881இல் ஃபோர் என்பார் ஈயத் தகட்டின்மேல் ஈயக் கலவையைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். அடுத்த ஆண்டிலேயே இலண்டன் மாநகரின் தேம்சு நதியில், நாற்பத்தைந்து சேமிப்புக் கலங்களைத் தாங்கிய 'எலெக்றிசிற்றி' என்னும் இரும்புப் படகு ஓடிற்று. அதை அமைத்தவர் ரெக்கன்சோன் என்னும் பொறியியலாளர்.

அக்காலப் படகுக் கலங்களின் வேலை யாது? நாள் முழுவதும் மெல்ல மெல்ல மின்சாரத்தை வழங்கிக் களைத்து, பின்னர் கரையில் மின்னேற்றம் பெறுவது. நெடுந்தூரம் நடக்கும் மாட்டைப் போன்ற உழைப்பு அது.

1912ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்காவில் கெற்றரிங் என்பவர் ஆக்கிய மின்தொடக்கி, கடிலாக் மோட்டார் வண்டியிற் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்பும் தொல்லை ஒழிந்தது. ஆனால் இத்தொழிலுக்கு வேண்டிய பற்றரி வேறு வகையினது. சில விநாடிகளுக்கு மாத்திரம் பெருமின்னோட்டத்தைப் பாய்ச்சுதல் வேண்டும். உடனே இயந்திரத்தின் மின்பிறப்பாக்கி செலவை ஈடுசெய்துவிடும். ஆகையால் மெல்லிய தகடுகளைப் பல அடுக்கி அதனைச் செய்தனர். மோட்டார் வண்டி உலகெங்கும் பெருகவே அவ்வகைப் பற்றரியே மலிவாக எங்குங் கிடைக்கலாயிற்று. நமது மீனவர் கடையில் வாங்கும் லொறிப் பற்றரி அதன் வழித்தோன்றலே. மாட்டுக்குரிய வேலைக்குப் பந்தயக் குதிரையைப் பூட்டினாற் போன்று, இரவு முழுவதும் விளக்கெரிக்க அதனைப் பயன்படுத்துகின்றோம். மெல்லிய தகட்டுப் பூச்சு அவ்வுழைப்பைத் தாங்காது உதிர்ந்து அடியில் வண்டலாய்ப் படிகின்றது.

அதே 1912இல் தான் ரைற்றானிக் கப்பலும் மூழ்கிற்று. அதன் விளைவாக 1914இல் இலண்டனில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட கடற்பாதுகாப்பு உடன்படிக்கை, கம்பியில்லாத் தந்திக்கெனக் கப்பலின் பிரதான மின்சாரத்தைச் சாராத தனி மின்மூலம் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. பெருங்கப்பலுக்கு அன்று விதித்த அறிவுரை சிறு படகுக்கும் பொருந்தும். இயந்திரத்தைக் கிளப்ப ஒரு பற்றரி, விளக்குக்கும் வானொலிக்கும் மற்றொன்று. இரண்டையும் பிரித்துவைக்க ஓர் ஆளி. விளக்குப் பற்றரி வெறுமையானாலும் இயந்திரம் கிளம்பும். கிளம்பினால் மின்பிறப்பாக்கி இரண்டையும் நிரப்பும். ஒரே பற்றரியில் எல்லாவற்றையும் மாட்டிச் செல்வதைப் பணச் சிக்கனம் என்று நான் ஒப்பமாட்டேன்.

விளக்குக்குரியதைத் தெரியும்போது தடித்த தகடுகளையுடைய, ஆழ்ந்த மின்னிறக்கத்தைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்கல் வேண்டும். சூரியமின் தொகுதிகளுக்கென விற்பவற்றுள் இவ்வகை கிடைக்கும். அளவு காண்பதும் எளிது. இருபது வாற்று விளக்குப் பத்து மணிநேரம் எரிய ஏறத்தாழ 17 அம்பியர் மணி செலவாகும். ஏனைய கருவிகளையும் சேர்த்து 30 என்று கொள்வோம். கொள்ளளவிற் பாதிக்குமேற் செலவிடாதிருத்தல் நலம். எனவே 60 வேண்டும். முதுமையையும் நம்மூர் வெப்பத்தையும் கருதி 80 அல்லது 100 வாங்குவோர் பின்னர் வருந்தார்.

வெப்பத்தைப் பற்றி ஒன்று சொல்லுதல் வேண்டும். 25 பாகைக்கு மேல் வெப்பநிலை ஒவ்வொரு பத்துப் பாகை உயரும்போதும் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியியலார் கணக்கு. இயந்திரத்தின் அருகே அதனை இருத்துவது ஆயுளைச் சுருக்குவதாகும். காற்றோட்டமும் அவசியம், மின்னேற்றத்தின்போது வெளிவரும் ஐதரசன் வாயு ஒரு தீப்பொறி பட்டாலும் வெடிக்கும்.

மின்னிறங்கும்போது தகடுகளில் ஈயச் சல்பேற்றுப் படிகின்றது. உடனே மின்னேற்றினால் அது கரைந்து பழைய நிலை மீளும். வாரக்கணக்காய் விட்டுவிட்டால் பளிங்காக இறுகிவிடும்; பின்னர் மீட்பது அரிது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் படகைக் கரையேற்றி வைப்போர் பற்றரியை மறந்துவிடுவது இக்காரணத்தாற் கேடாகின்றது. ஓய்வுநிலையில் 12.7 வோல்ற்று நிறைவைக் குறிக்கும், 12.2 பாதியளவு, 12க்குக் கீழ் இறங்கவிடலாகாது.

தகடு வெளித்தெரியாதபடி அவ்வப்போது வடித்த நீர் ஊற்றுதல் வேண்டும். வாவி நீர் உவர்நீர். அதில் ஒரு துளியும் உட்புகலாகாது. உலகப் போர்க் காலங்களில் நீர்மூழ்கி மாலுமிகள் பெரிதும் அஞ்சியவற்றுள் ஒன்று, கடல்நீர் கலத்தினுள் புகுந்து குளோரீன் என்னும் நச்சு வாயுவைக் கிளப்புவதாகும். முனைகளிற் பூக்கும் உப்பை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவி, உலரவிட்டு, கிறீசு பூசினால் போதுமானது. கழுவும்போது கலத்தின் மூடிகள் இறுக மூடியிருக்கட்டும். அப்பச்சோடா உட்சென்றால் அமிலத்தின் வலி குன்றிவிடும்.

இப்போது இலிதியப் பற்றரிகள் வந்துள்ளன. அதற்கு வழிசமைத்த மூவர்க்கு 2019இல் நோபெல் பரிசு கிடைத்தது. கேரளத்தில், நமது வாவியை ஒத்த வேம்பநாட்டு ஏரியில், வைக்கம் துறையிலிருந்து 2017 முதல் 'ஆதித்யா' என்னும் சூரியமின் படகு எழுபத்தைந்து பேரை ஏற்றி ஓடத் தொடங்கியது. மண்டூர்த் துறையிலும் அம்பிளாந்துறையிலும் பாதைக்குக் காத்து நின்றவர்களுக்கு அச்செய்தி ஓர் ஆவலை எழுப்பாமலிராது. ஆயின் இலிதியப் பற்றரி, வெறுமையாயிருக்கும்போது மின்பிறப்பாக்கி தரக்கூடியதை முழுவதும் தயக்கமின்றி வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. பழைய மின்பிறப்பாக்கியோடு அதனை நேரே பொருத்தினால் மின்பிறப்பாக்கி சூடேறிக் கருகிவிடக்கூடும். இடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இருத்தல் வேண்டும். இயந்திரத்தைக் கிளப்பும் பழைய ஈயப் பற்றரியும் தன் இடத்திலேயே இருக்கட்டும்.