திரையில் வராத காற்று

தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சாகத் தொடங்கியது 2018இல். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டம் 2024இல் செயலுக்கு வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்குக் கொலம்பஸும் மெகல்லனும் வாஸ்கோ ட காமாவும் இன்று முதலில் அறிமுகமாவது திரையில்தான். நீலக் கடலின்மீது ஒரு சிவப்புக்கோடு ஊர்ந்து செல்கிறது. அது கோழிக்கோட்டைத் தொட்டதும் பாடம் முடிகிறது. இப்பகுதிப் பள்ளியொன்றில் அப்படியொரு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் கண்கொட்டாமல் இருந்தார்கள். எங்கள் காலத்தில் உலகப்படம் என்பது தலைமையாசிரியர் அறையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு பொருள். ஆகவே இக்கருவிகளைப் பழிக்க எனக்கு மனமில்லை. என் ஐயமெல்லாம் அந்தக் கோட்டைப் பற்றியதே.

1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து புறப்பட்ட காமா, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, கிழக்குக் கரையிலுள்ள மலிந்தித் துறைமுகத்தை அடைந்தார். அங்கிருந்து 1498 ஏப்ரல் 24இல் கிளம்பி, ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் திறந்த கடலை இருபத்து மூன்றே நாளில் கடந்து மலபார் மலைகளைக் கண்டார். மே 20இல் கோழிக்கோட்டுக்கு அருகே நங்கூரமிட்டார். வழிகாட்டியவர் மலிந்தி அரசர் அனுப்பிய மாலுமி. அவர் புகழ்பெற்ற அரபுக் கடலோடி இப்னு மாஜித் என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள்; இன்றைய ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை. யாராயினும், வழி தெரிந்த ஒருவர் கூட்டிவந்த வழியைத்தான் நம் பாடநூல்கள் ‘கண்டுபிடித்தார்’ என்ற வினையால் எழுதிவந்தன.

திரும்பும் பயணத்தைத் திரை பெரும்பாலும் காட்டுவதே இல்லை. காட்டினாலும் அதே கோடு பின்னோக்கி ஊரும், அவ்வளவுதான். நடந்தது வேறு. ஆகஸ்ட் 29இல் கோழிக்கோட்டை விட்டவர், அஞ்சுதீவில் தங்கிக் கப்பல்களைச் செப்பனிட்டு, அக்டோபர் 5இல் மேற்கே திரும்பினார். ஆப்பிரிக்கக் கரை தெரிந்தது 1499 ஜனவரி 2இல். வரும்போது இருபத்து மூன்று நாள், போகும்போது மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவு! அந்தக் கடப்பில் மட்டும் முப்பது பேர் இறந்ததாகவும், ஒவ்வொரு கப்பலையும் செலுத்த ஏழெட்டுப் பேரே எஞ்சியதாகவும் உடன்சென்ற ஒருவரின் நாட்குறிப்பு சொல்கிறது. ஈறு வீங்கி, கால் வீங்கி மாண்டவர்கள் அவர்கள், ஸ்கர்வி நோய். ஆள் போதாமல் ‘சான் ரஃபேல்’ கப்பலைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்கள்.

வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. வரும்போது தென்மேற்குப் பருவக்காற்று பின்னிருந்து தள்ளியது. அக்டோபர் தொடக்கத்திலோ அது ஓய்ந்திருக்கும். வடகிழக்குக் காற்று இன்னும் நிலைபெற்றிருக்காது. அது நிலைபெற்ற பிறகே அரபுக் கடலோடிகள் மேற்கே பாய் விரிப்பார்கள். அந்த வடகிழக்குக் காற்றுதான் ஐப்பசி, கார்த்திகையில் செம்பரம்பாக்கம் ஏரியை நிரப்புவதும். மதகு எப்போது திறப்பார்கள் என்ற பேச்சைக் கேட்டு வளரும் பூந்தமல்லிப் பிள்ளைக்கு லிஸ்பன் மாலுமியைவிட இது நன்றாகத் தெரியும். தெரிந்ததாகப் பாடம்தான் எடுத்துக்கொள்வதில்லை.

தமிழுக்கும் இது புதிதல்ல. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்த மொழி இது. புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் புகழும்போது, காற்றை ஏவல்கொண்டு கடலில் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்றே அழைக்கிறார். அந்த முன்னோன் கண்டுபிடித்த நாட்டைப் பற்றிய பேச்சே அங்கில்லை. காற்றை ஆண்டதுதான் பெருமை.

2005இல் வெளிவந்த கூகுள் எர்த் தூரத்தை அளந்து காட்டும். அதைவிடச் சரித்திரத்துக்கு உதவுவது காற்றோட்டத்தைக் காட்டும் வரைபடங்களே என்பது என் எண்ணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இப்பகுதி வீடுகள் பலவற்றில் கைப்பேசியில் சுழன்றுகொண்டிருந்தது அத்தகைய படம்தான். ‘எர்த் நல்ஸ்கூல்’ தளத்தில் கடந்த ஆண்டுகளின் தேதிகளுக்குப் பின்சென்று பார்க்கவும் வழியுண்டு. ஒரு மே மாதத்துக் காற்றையும் ஓர் அக்டோபர்த் தொடக்கக் காற்றையும் அரபிக்கடல்மீது அடுத்தடுத்துக் காட்டினால், காமா ஏன் இரண்டு மாதம் பொறுத்திருக்கவில்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதற்கு விடை, சாமூத்திரியோடு சரக்குக்கும் சுங்கவரிக்குமாக மூண்ட தகராறில் இருக்கிறது. அதற்கு இன்னொரு வகுப்பு வேண்டும்.